செய்திச் செயலிகள்: வடிவமைப்பு வளர்த்த பழக்கங்கள்

உடனடிச் செய்திச் சேவைகள் மேலோட்டமான பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒரு பெயரைத் தொட்டால் உரையாடல் திறக்கிறது. எழுதலாம், பேசலாம், படம் அனுப்பலாம். அனுப்பியது அடுத்த நொடியே மறுமுனைக்குப் போய்ச் சேர்கிறது. வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல், சீனாவின் வீசாட், ஜப்பானின் லைன், தென் கொரியாவின் காகாவோடாக் என்று எதை எடுத்தாலும் இந்த அடிப்படை மாறுவதில்லை. வேறுபாடுகள் அதற்கு அடுத்த படியில் தொடங்குகின்றன. ஒருவரை அடையாளம் காண்பது தொலைபேசி எண்ணாலா, பயனர் பெயராலா? அனுப்பிய செய்தி கைபேசியில் தங்குகிறதா, நிறுவனத்தின் கணினியில் தங்குகிறதா? படித்துவிட்டார் என்பது அனுப்பியவருக்குத் தெரியுமா? ஒரு குழுவில் எத்தனை பேர் சேரலாம்? வந்த செய்தியை எத்தனை பேருக்குத் தள்ளிவிடலாம்? இந்த ஐந்து கேள்விகளுக்கு நிறுவனங்கள் அளித்த விடைகளே ஒவ்வொரு சேவையின் குணத்தையும் தீர்மானித்திருக்கின்றன. கோடிக்கணக்கானோரின் அன்றாடப் பழக்கமும் அந்த விடைகளைப் பற்றியே வளர்ந்திருக்கிறது. ஆகவே இவற்றைத் தொழில்நுட்ப வசதிகளின் பட்டியலாகப் பார்த்தால் போதாது. சமூக நடத்தையை வகுக்கும் விதிகளாகவும் எடைபோட வேண்டும்.

கணினியில் தொடங்கிய அரட்டை

கணினி வழியாகப் பலர் ஒரே நேரத்தில் எழுதி உரையாடும் ஐஆர்சி முறையை 1988இல் பின்லாந்தின் ஒவுலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்காரினென் உருவாக்கினார். பொதுமக்களிடம் பரவிய முதல் பெரிய சேவை, 1996இல் இஸ்ரேலின் மிராபிலிஸ் நிறுவனம் வெளியிட்ட ஐசிக்யூ. அதன் பயனர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. அடுத்து ஏஓஎல் நிறுவனத்தின் மெசஞ்சர், யாகூ மெசஞ்சர், எம்எஸ்என் மெசஞ்சர் ஆகியவை மூன்றே ஆண்டுகளுக்குள் அணிவகுத்தன. தமிழ்நாட்டில் பிரவுசிங் சென்டர்கள் பெருகிய காலமும் ஏறத்தாழ அதுவே. அறையில் காத்திருந்து, மணிக் கணக்குக்குக் காசு கொடுத்து, யாகூ அரட்டை அறைகளில் முகமறியாதவர்களோடு பேசியதுதான் ஒரு தலைமுறையின் முதல் இணைய அனுபவம்.

அந்தச் சேவைகளின் மையம், யார் இப்போது இணைப்பில் இருக்கிறார் என்று காட்டும் பட்டியல். பெயருக்கு அருகில் நிறம் மாறினால் ஆள் வந்துவிட்டார், மங்கினால் போய்விட்டார். உரையாடலுக்குத் தொடக்கமும் முடிவும் இருந்தன. கணினியை அணைத்தால் பேச்சும் முடிந்தது. கைபேசி வந்த பிறகு இந்த எல்லை அழிந்தது. எப்போதும் சட்டைப்பையில் இருக்கும் கருவிக்கு ‘வந்தார், போனார்’ என்ற வேறுபாடு பொருந்தவில்லை. பழைய சேவைகள் புதிய நிலைக்குத் தம்மை மாற்றிக்கொள்ளத் திணறின. எம்எஸ்என் மெசஞ்சரின் வாரிசான விண்டோஸ் லைவ் மெசஞ்சர் 2013இலும், ஏஓஎல் மெசஞ்சர் 2017இலும், யாகூ மெசஞ்சர் 2018இலும், ஐசிக்யூ 2024இலும் மூடப்பட்டன. 2003இல் தொடங்கிய ஸ்கைப்பும் 2025 மே மாதம் விடைபெற்றது.

கட்டணம் போட்ட பாதை

எந்த நாட்டில் எந்தச் செயலி வேரூன்றியது என்பதைச் செயலியின் தரத்தைக் காட்டிலும் அங்கிருந்த கட்டண முறையே பெரிதும் முடிவுசெய்தது. 1992 டிசம்பரில் பிரிட்டனில் முதல் எஸ்எம்எஸ் அனுப்பப்பட்டது. ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் என்ற அளவுக்குள் அடங்கிய அந்தச் சேவை, தொலைபேசி நிறுவனங்களுக்கு மிகுந்த வருவாய் ஈட்டித் தந்தது. அமெரிக்காவில் மாதக் கட்டணத்துக்குள் அளவில்லாத எஸ்எம்எஸ் என்ற முறை பரவிவிட்டதால், மக்கள் வேறு செயலி தேட வேண்டிய அவசியம் எழவில்லை. ஆப்பிள் 2011இல் கொண்டுவந்த ஐமெசேஜ், எஸ்எம்எஸ் பெட்டிக்குள்ளேயே ஓசையில்லாமல் நுழைந்தது. ஐபோனிலிருந்து ஐபோனுக்குச் செல்லும் செய்தி நீல நிறத்திலும், மற்றவை பச்சை நிறத்திலும் தெரிந்தன. நிறுவனம் தன் வசதிக்கு வைத்த நிற வேறுபாடு, அமெரிக்கப் பதின்பருவத்தினரிடையே ஐபோன் இல்லாதவரைத் தள்ளிவைக்கும் அடையாளமாகிப்போனது.

இந்தியாவில் நிலைமை வேறு. எஸ்எம்எஸ் தொகுப்புகள் மலிவாகக் கிடைத்தாலும், தீபாவளி, புத்தாண்டு போன்ற நாள்களில் அந்தச் சலுகை செல்லவில்லை. வாழ்த்து அனுப்ப நினைக்கும் நாளில்தான் முழுக் கட்டணம் பிடிக்கப்பட்டது. விளம்பரத் தொல்லையைக் கட்டுப்படுத்த 2011இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு நாளுக்கு இத்தனை எஸ்எம்எஸ் என்று உச்சவரம்பும் விதித்தது. யாகூவில் பணிபுரிந்த ஜான் கோம், பிரையன் ஆக்டன் இருவரும் 2009இல் தொடங்கிய வாட்ஸ்அப், இந்த இடைவெளியில் புகுந்தது. விலை குறைந்த நோக்கியா கைபேசிகளிலும் அது இயங்கியது, கடவுச்சொல் கேட்கவில்லை, தொலைபேசியில் இருந்த பெயர்களே அதன் நண்பர் பட்டியலாயின. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தின் விலையைத் தரைக்குக் கொண்டுவந்ததும், எஸ்எம்எஸ் வங்கிக் கடவுஎண்ணுக்கும் விளம்பரத்துக்குமான பெட்டியாகச் சுருங்கிவிட்டது. எஸ்எம்எஸ் விலை அதிகமாக இருந்த பிரேசிலிலும் இதே கதைதான்.

ஜப்பானில் 2011 மார்ச் நிலநடுக்கத்தின்போது தொலைபேசித் தொடர்புகள் திணறின. அதன் பின் மூன்றே மாதங்களில் வெளிவந்த லைன், அந்த நாட்டின் பொதுச் சேவையாக மாறியது. தைவானிலும் தாய்லாந்திலும் அதற்கே முதலிடம். இணைய அழைப்பை முன்னிறுத்திய வைபர் இலங்கையில் வலுவாகக் காலூன்றியது. வெளிநாடுகளில் சிதறி வாழும் உறவுகளோடு காசில்லாமல் பேசுவது ஈழத் தமிழ்க் குடும்பங்களுக்கு அன்றாடத் தேவையாக இருந்ததால், அங்கே வைபர் ஒரு வீட்டுப் பெயராயிற்று. 2018இல் கண்டி வன்முறையின்போதும், 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பின்னும் இலங்கை அரசு முடக்கிய சேவைகளில் பேஸ்புக், வாட்ஸ்அப்புடன் வைபரும் இருந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுத முடியும். குரல் அழைப்புக்குத் தடை. அதனால் அங்கு வேலைபார்க்கும் தமிழர்கள் எழுத ஒரு செயலியும், ஊருக்குப் பேச அனுமதி பெற்ற பொடிம் போன்ற இன்னொரு செயலியும் வைத்திருக்கிறார்கள்.

எண்ணா, பெயரா?

வாட்ஸ்அப் தொலைபேசி எண்ணையே அடையாளமாக்கியது. எழுதப் படிக்கத் தயங்குபவர்களும் அதற்குள் எளிதாக நுழைந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம். அதன் மறுபக்கத்தைக் குழுக்கள் வெளிக்கொண்டுவந்தன. குடியிருப்போர் சங்கமோ, பள்ளிப் பெற்றோர் குழுவோ, ஒருமுறை சேர்ந்துவிட்டால் அறிமுகமில்லாத நூறு பேரிடம் எண் போய்விடுகிறது. நள்ளிரவில் வரும் தேவையற்ற செய்திகளைப் பெண்கள் சமாளிக்க வேண்டியிருப்பதும், முகப்புப் படத்தில் தம் முகத்துக்குப் பதிலாகக் குழந்தையின் படத்தையோ பூவையோ வைப்பதும் இந்த வடிவமைப்பின் விளைவுகளில் அடங்கும். யார் வேண்டுமானாலும் யாரையும் கேட்காமல் குழுவில் சேர்த்துவிடலாம் என்ற நிலையை மாற்றும் அமைப்பு 2019இல்தான் வந்தது.

டெலிகிராமும் பதிவுசெய்ய எண் கேட்கிறது. ஆனால் பயனர் பெயரை வைத்துக்கொண்டு, எண்ணை மறைத்தே யாருடனும் பேசலாம். சிக்னல் இந்த வசதியை 2024 பிப்ரவரியில் கொண்டுவந்தது. வீசாட்டில் அறிமுகமான இருவர் எண்ணைச் சொல்லிக்கொள்வதைவிட, ஒருவர் கியூஆர் குறியீட்டை நீட்ட மற்றவர் ஸ்கேன் செய்வதே வழக்கம். பெயரால் இயங்கும் சேவையில் அந்நியர்கள் பாதுகாப்பாகக் கூட முடிகிறது. மோசடிக்காரர்கள் முகமூடி அணிவதும் எளிதாகிறது. பங்குச் சந்தை ஆலோசனை, பகுதிநேர வேலை என்ற பெயரில் நடக்கும் மோசடிகள் பல டெலிகிராமை நாடுவதற்கு இது ஒரு காரணம். இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில், சிம் அட்டை கருவியில் இருந்தால்தான் செயலி இயங்க வேண்டும் என்று ஆணையிட்டபோது முன்வைத்த காரணமும் இணைய மோசடிதான். அடையாளம் என்ற ஒரு கேள்விக்குள் வசதி, அந்தரங்கம், குற்றத்தடுப்பு மூன்றும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மூன்றையும் முழுமையாக நிறைவுசெய்யும் விடை எந்தச் சேவையிடமும் இல்லை.

செய்தி எங்கே தங்குகிறது?

வாட்ஸ்அப்பில் செய்தி பயனரின் கைபேசியில் தங்குகிறது. நிறுவனத்தின் சர்வர், செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வரைதான் வைத்திருக்கும். 2016 ஏப்ரல் முதல் அனைத்துச் செய்திகளும் அனுப்புபவர் கருவியிலேயே பூட்டப்பட்டு, பெறுபவர் கருவியில் மட்டுமே திறக்கின்றன. முனைக்கு முனை மறையாக்கம் என்று சொல்லப்படும் இந்த ஏற்பாட்டுக்கு, சிக்னல் உருவாக்கிய நெறிமுறையையே வாட்ஸ்அப் பயன்படுத்துகிறது. இடையில் இருக்கும் நிறுவனத்தால் செய்தியைப் படிக்க முடியாது. ஆனால் யார் யாரோடு, எப்போது தொடர்புகொண்டார் என்ற விவரங்கள் இந்தப் பூட்டுக்குள் வருவதில்லை.

கைபேசியே கிடங்கு என்பதால் இந்தியாவில் ஒரு தனிச் சிக்கல் உண்டானது. காலை வணக்கப் படங்கள், சாமி படங்கள், பிறந்தநாள் காணொளிகள் எல்லாம் தாமாகவே கேலரியில் குவிந்து, குறைந்த விலைக் கைபேசிகளை மூச்சுத்திணற வைத்தன. ‘இடமில்லை’ என்ற எச்சரிக்கை வந்ததும் பேரன் பேத்திகளிடம் கொடுத்து அழிக்கச் சொல்வது வீடுகளில் வாடிக்கையாயிற்று.

பாவெல் துரோவ், நிக்கொலாய் துரோவ் சகோதரர்கள் 2013இல் தொடங்கிய டெலிகிராம் எதிர்த் திசையில் சென்றது. செய்திகள் நிறுவனத்தின் சர்வரில் தங்கும். எந்தக் கருவியில் நுழைந்தாலும் பழைய உரையாடல் முழுவதும் கிடைக்கும். 2 ஜிபி வரையிலான கோப்புகளைப் பகிரலாம் என்பதும், குழுவில் புதிதாகச் சேர்பவர் பழையவற்றையும் தேடிப் படிக்கலாம் என்பதும் இதனால் சாத்தியமாயின. டிஎன்பிஎஸ்சி, நீட் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் டெலிகிராமை நூலகமாகப் பயன்படுத்துவதும், புதுப்படங்களின் திருட்டுப் பிரதிகள் அங்கே உலவுவதும் ஒரே வசதியின் இரண்டு பயன்கள். அந்தரங்கம் என்றாலே டெலிகிராம் என்ற பொதுக் கருத்து மட்டும் பிழையானது. அதன் வழக்கமான உரையாடல்களுக்கும் குழுக்களுக்கும் முனைக்கு முனை மறையாக்கம் கிடையாது. இருவர் மட்டும் தனியாகத் திறந்துகொள்ளும் ‘ரகசிய உரையாடல்’ முறையில்தான் அது உண்டு. 2024 ஆகஸ்டில் பாவெல் துரோவ் பிரான்ஸில் கைதானார். அடுத்த மாதமே, சட்டப்படியான கோரிக்கை வந்தால் பயனரின் எண்ணையும் ஐபி முகவரியையும் அளிப்போம் என்று நிறுவனம் தன் விதிகளை மாற்றிக்கொண்டது.

சிக்னலின் கொள்கை எதையும் சேர்த்துவைக்காமல் இருப்பது. 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணையின்படி ஒரு பயனரைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டுமே அதனால் கொடுக்க முடிந்தது. பத்திரிகையாளர்களும் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களும் அதை விரும்புவதற்கு இதுவே அடிப்படை. விலையும் இருக்கிறது: கைபேசி தொலைந்து, முன்கூட்டியே காப்புப்பிரதி எடுத்திருக்கவில்லை என்றால் உரையாடலும் தொலைந்தது.

டிக் குறியின் அதிகாரம்

சாதாரணக் குறிகள் மனித உறவில் எவ்வளவு தலையிடும் என்பதற்கு நீல டிக் தெளிவான சான்று. செய்தி சென்றது, படிக்கப்பட்டது என்று தனித்தனியே காட்டும் பழக்கம் பிளாக்பெர்ரி மெசஞ்சர் காலத்திலேயே இருந்தது. வாட்ஸ்அப் 2014 நவம்பரில் நீல டிக்கை அறிமுகப்படுத்தியதும் எதிர்ப்பு எழுந்தது. சில நாள்களிலேயே அதை அணைத்துவைக்கும் வசதியை நிறுவனம் கொண்டுவர வேண்டியதாயிற்று. படித்துவிட்டுப் பதில் போடாமல் இருப்பது அதுவரை ஒருவரின் தனிப்பட்ட விஷயம். நீல டிக் வந்த பின் அது விளக்கம் சொல்ல வேண்டிய செயலாயிற்று. மேலே தெரியும் அறிவிப்பிலேயே படித்துவிட்டு உரையாடலைத் திறக்காமல் விடுவது, இணைப்பைத் துண்டித்துவிட்டுப் படிப்பது, லாஸ்ட் சீன் நேரத்தை மறைப்பது போன்ற உத்திகள் அதன் பிறகு பரவின.

பிற நாடுகளின் தேர்வுகள் வேறு. காகாவோடாக்கில் செய்திக்கு அருகில் ஓர் எண் நிற்கும். இன்னும் படிக்காதவர்கள் எத்தனை பேர் என்பது அதன் பொருள். ஒவ்வொருவராகப் படிக்கப் படிக்க எண் குறைந்து, கடைசியில் மறையும். லைனில் படித்ததும் குறி விழுந்துவிடும். படித்தும் பதில் தராமல் இருப்பது ஜப்பானிய இளையோரிடையே பெரும் மன உளைச்சலுக்குக் காரணமாகி, பள்ளிகளில் விவாதப்பொருளானது. சீனாவின் வீசாட்டில் படித்த குறியே கிடையாது. கடைசியாக எப்போது வந்தார் என்ற தகவலும் இல்லை. நூறு கோடிக்கு மேற்பட்டோர் பயன்படுத்தும் சேவை இந்தக் குறி இல்லாமலே சிறப்பாக நடக்கிறது என்பது, அது இன்றியமையாத வசதி அல்ல என்பதை நிறுவுகிறது.

அழிப்பதிலும் இதே வேறுபாடு உண்டு. வீசாட்டில் அனுப்பியதைத் திரும்பப் பெற இரண்டு நிமிடம்தான். வாட்ஸ்அப்பில் அவகாசம் இரண்டு நாளுக்கு மேல். ஆனால் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற தடம் நிற்கும். அந்தத் தடமே பல வீடுகளில் ‘என்ன அனுப்பி அழித்தாய்?’ என்ற விசாரணையைத் தொடங்கிவைக்கிறது. டெலிகிராமில் ஒருவர் நினைத்தால் இருவர் பேசிய உரையாடல் முழுவதையும் இரு பக்கமும் தடமின்றி நீக்கலாம். எழுத்து மூலமான ஒப்பந்தம்போல் செய்தியை நம்பும் சிறு வணிகருக்கு இது பெரிய ஆபத்து.

குழுவும் ஃபார்வேர்டும்

குழுவின் அளவு அதன் தன்மையை மாற்றுகிறது. வாட்ஸ்அப் குழுவின் வரம்பு 2014இல் 100 ஆகவும், 2016இல் 256 ஆகவும், 2022இல் 1,024 ஆகவும் உயர்ந்தது. சிக்னலில் 1,000 பேர். வீசாட்டில் 500 பேர். டெலிகிராம் குழுவில் இரண்டு லட்சம் பேர் வரை சேரலாம். ஒருவர் பேசப் பலர் கேட்கும் அதன் சேனலுக்கு வரம்பே இல்லை. இருபது பேர் குழுவில் எல்லோரும் பேசுவார்கள். இருநூறு பேர் குழுவில் சிலர் பேச மற்றவர்கள் பார்ப்பார்கள். இரண்டு லட்சம் பேர் கூடுமிடம் ஒளிபரப்பு நிலையத்துக்கு ஒப்பாகிவிடுகிறது. ஈரானில் 2018இல் தடைசெய்யப்படும் வரை டெலிகிராம் சேனல்கள் செய்தித்தாளின் வேலையைச் செய்ததும், உக்ரைன் போரில் இரு தரப்பும் அவற்றையே செய்தி ஊடகமாகக் கொண்டதும் இதனால்தான். வாட்ஸ்அப் தன் சேனல்களை 2023இல்தான் தொடங்கியது. அதிலும் பின்தொடர்வோரின் எண்ணைப் பிறருக்குக் காட்டவில்லை.

இந்தியாவில் குடும்பமும் சாதிச் சங்கமும் கட்சிக் கிளையும் பள்ளி வகுப்பும் தனித்தனிக் குழுக்களாயின. குழுவிலிருந்து ஒருவர் விலகினால் அது எல்லோருக்கும் அறிவிக்கப்படும் என்பதால், உறவினர் குழுக்களிலிருந்து வெளியேறுவது சண்டைக்கு அழைப்பு விடுவதற்குச் சமமாக இருந்தது. விலகத் துணியாதவர்கள் குழுவை மியூட் செய்து காலம் தள்ளினர். அட்மினுக்கு மட்டும் தெரியும்படி விலகும் வசதி 2022இல் வந்தது. அலுவலகங்களுக்கென்று வந்த ஸ்லாக், டீம்ஸ் போன்றவை தலைப்புவாரியாக உரையாடலைப் பிரித்துக்கொடுக்கின்றன. ஆனால் தமிழ்நாட்டின் சிறு நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் வாட்ஸ்அப் குழுவிலேயே வேலை வாங்குகின்றன. வேலை நேரமும் வீட்டு நேரமும் ஒரே திரையில் கலந்துபோனது அதன் விளைவு.

ஃபார்வேர்டு பொத்தான் எவ்வளவு கொடிய கருவியாக முடியும் என்பதை 2018 காட்டியது. குழந்தைக் கடத்தல் கும்பல் நடமாடுவதாகப் பரவிய பொய்ச் செய்திகளை நம்பிய கும்பல்கள் இந்தியாவின் பல மாநிலங்களில் அப்பாவிகளை அடித்துக் கொன்றன. மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் கொல்லப்பட்டனர். அதற்கு முன்பே, மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டி ஒருவர் இதே சந்தேகத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப், ‘ஃபார்வேர்டு செய்யப்பட்டது’ என்ற குறியைச் சேர்த்தது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி வரம்பு வைத்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்று இறுக்கியது. அத்தகைய செய்திகளின் பரவல் 70 விழுக்காடு குறைந்ததாக நிறுவனமே அறிவித்தது. யாருடைய செய்தியையும் உடைத்துப் படிக்காமல், ஒரு பொத்தானின் வேகத்தைக் குறைத்தே இதைச் செய்ய முடிந்தது என்பது கவனிக்க வேண்டிய பாடம்.

எழுத்தும் குரலும்

மொழிக்கும் இதில் பங்கு உண்டு. ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் கொள்ளும் எஸ்எம்எஸ், தமிழில் 70 குறியீடுகளுக்குள் முடிந்துவிடும். உயிர்மெய் எழுத்தின் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படுவதால் உண்மையான இடம் இன்னும் குறைவு. பல கைபேசிகள் தமிழைக் கட்டங்களாகவே காட்டின. மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005இல் வெளியிட்ட செல்லினம் போன்ற முயற்சிகள் கைபேசியில் தமிழுக்கு வழி திறந்தன. என்றாலும் அதற்குள் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் பழக்கம் ஊன்றிவிட்டது. தட்டச்சுப் பலகை வந்த பின்னும் இளையோரிடம் அது நீடிக்கிறது.

எழுதத் தயங்கியவர்களுக்குக் கைகொடுத்தது குரல் பதிவு. பொத்தானை அழுத்திப் பேசி விட்டுவிடும் இந்த முறை வீசாட்டில்தான் முதலில் பெருவழக்காயிற்று. சீன எழுத்துகளைத் தட்டும் சிரமம் அங்கு அதற்கு உதவியது. தமிழ்நாட்டில் மீன் ஏல விலை சொல்வது முதல் பந்தல் வேலைக்கு ஆள் பிடிப்பது வரை குரல் பதிவிலேயே நடக்கிறது. அலுவலகச் சூழலில் இருப்பவர்களோ நீண்ட குரல் பதிவைத் தொல்லையாகக் கருதுகிறார்கள். ஜப்பானில் இந்த இடத்தை லைனின் ஸ்டிக்கர்கள் நிரப்பின. வெளிப்படையாக மறுக்கவோ மன்னிப்புக் கேட்கவோ கூச்சப்படும் பண்பாட்டில் ஒரு கரடியும் முயலும் அந்த வேலையைச் செய்தன. விலைக்கு விற்கப்பட்ட ஸ்டிக்கர்கள் லைனின் தொடக்க கால வருவாயில் ஒரு பகுதியாகவும் ஆயின.

பணம் எங்கிருந்து வருகிறது?

இலவசச் சேவையின் செலவை யார் ஏற்கிறார் என்பது அதன் போக்கைச் சொல்லிவிடும். வாட்ஸ்அப்பை 2014இல் 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக பேஸ்புக் அறிவித்தது. ஆண்டுக்கு ஒரு டாலர் என்றிருந்த சந்தா 2016இல் கைவிடப்பட்டது. இப்போது நிறுவனங்கள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் செய்திகளிலிருந்து கட்டணம் வருகிறது. 2025இல் ஸ்டேட்டஸ் பகுதியில் விளம்பரங்களும் அறிவிக்கப்பட்டன. டெலிகிராம் பிரீமியம் சந்தாவையும் விளம்பரத்தையும் நம்புகிறது. சிக்னல் நன்கொடையால் இயங்கும் அறக்கட்டளை. பேஸ்புக்கை விட்டு வெளியேறிய பிரையன் ஆக்டன் 2018இல் அதற்கு 5 கோடி டாலர் அளித்தார்.

வீசாட் 2014 சீனப் புத்தாண்டில் சிவப்பு உறைப் பணப் பரிசை மின்வடிவமாக்கி, ஒரே பண்டிகையில் லட்சக்கணக்கானோரைப் பணப் பரிமாற்றத்துக்குள் இழுத்தது. 2017இல் சிறுசெயலிகளையும் சேர்த்ததால் டாக்ஸி, மருத்துவமனை முன்பதிவு, மின்கட்டணம் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கின. வாட்ஸ்அப்பும் 2020 நவம்பரில் இந்தியாவில் யூபிஐ வசதிக்கு அனுமதி பெற்றது. ஆனால் அதற்குள் கடைவாசல்களில் போன்பேயும் கூகுள்பேயும் இடம்பிடித்துவிட்டன. முதலில் பழகிய கருவியை மக்கள் எளிதில் விடுவதில்லை. மறுபுறம், சென்னை மெட்ரோ 2023இல் தொடங்கிய வாட்ஸ்அப் டிக்கெட் வழக்கத்துக்கு வந்துவிட்டது. புதிய செயலியை இறக்க வேண்டாம் என்பதே அதன் ஈர்ப்பு.

மாறுவது ஏன் கடினம்?

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றுவதாக அறிவித்தபோது சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் கூட்டம் பாய்ந்தது. பாய்ந்தவர்களில் பெரும்பாலோர் வாட்ஸ்அப்பை அழிக்கவில்லை. தாயும் தம்பியும் கடைக்காரரும் அங்கேயே இருந்தார்கள். இந்தியாவின் சொந்தச் செயலியாக 2012இல் வந்த ஹைக் அதே மாதத்தில் மூடப்பட்டது. சோஹோ நிறுவனத்தின் ‘அரட்டை’ செயலியும் அதே மாதம் அறிமுகமாகி, 2025 செப்டம்பரில் திடீர்க் கவனம் பெற்றது. மெதுவான இணைப்பிலும் இயங்குவதும், தொலைக்காட்சித் திரைக்கும் செயலி இருப்பதும் அதன் பலங்கள். அந்த நேரத்தில் அதன் எழுத்துச் செய்திகளுக்கு முனைக்கு முனை மறையாக்கம் இல்லாதது குறையாகச் சுட்டப்பட்டது. தேசப்பற்று ஒரு செயலியைப் பதிவிறக்க வைக்கும். தங்க வைப்பது, பேச வேண்டியவர்கள் அங்கே இருப்பது மட்டுமே.

பயனரை ஒரே செயலியில் கட்டிப்போடும் இந்தப் பூட்டைத் திறக்கும் வழி, சேவைகளைத் தமக்குள் பேச வைப்பது. ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சலிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு எழுத முடிகிறது. செய்திச் செயலிகளில் அது இல்லாதது தொழில்நுட்பக் கட்டாயத்தைவிட வணிகத் தேர்வே. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம், கோரிக்கை விடுக்கும் பிற சேவைகளுக்கு வாட்ஸ்அப்பும் பேஸ்புக் மெசஞ்சரும் கதவைத் திறக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. மறையாக்கத்தைக் கெடுக்காமல் இதைச் செய்வது கடினம். ஆனால் முடியாதது அல்ல. இந்தியாவின் கவனம் இதுவரை வேறு இடத்தில் இருந்துவருகிறது. ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடித்துத்தர வேண்டும் என்ற 2021 விதியை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டு வெளியேற நேரும் என்று 2024இல் அங்கே வாதிட்டது.

மறையாக்கப் பூட்டை உடைப்பதைவிடப் பயன்தரும் வழிகள் இருக்கின்றன. குழுவில் சேர்க்கும் முன் ஒப்புதல், எண் மறைப்பு, பகிர்வு வரம்பு ஆகியவை பயனர் தேடிப்போய் மாற்றும் அமைப்புகளாக இல்லாமல் தொடக்க நிலையிலேயே இருக்க வேண்டும் என்று விதிக்கலாம். பெரிய சேவைகள் சிறியவற்றோடு பேச வேண்டும் என்று ஐரோப்பாவைப் போலக் கேட்கலாம். அரசின் பக்கம் ஒரு கடமையும் உண்டு. பள்ளிச் சுற்றறிக்கை, பேரிடர் எச்சரிக்கை, நலத்திட்ட அறிவிப்பு போன்றவை ஒரே தனியார் செயலியின் குழுவில் மட்டும் வந்தால், அந்தச் செயலி இல்லாத குடிமக்கள் அறிவிப்புக்கு வெளியே நிற்க நேரும். அதே தகவல் எஸ்எம்எஸ், இணையதளம், அறிவிப்புப் பலகை வழியாகவும் கிடைத்தால்தான், எந்தச் செயலியை வைத்துக்கொள்வது என்பது மக்களின் உண்மையான தேர்வாக இருக்கும்.